எடையினும் நலம் பெரிது

நுழையும்முன்

மெலிந்த உடலே அழகு என்னும் எண்ணம் வளரிளம் பருவத்தினரிடையே, குறிப்பாகப் பெண்களிடையே வேரூன்றி வருகிறது. எடையைக் குறைப்பதற்காக உணவைத் துறக்கும் மாணவியும், போதிய உணவு கிட்டாத மாணவியும் ஒரே வகுப்பறையில் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். இருவரையும் ஒரே குறைபாடு வாட்டக்கூடும். அக்குறைபாடு எது, அதை எவ்வாறு களைவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

விளைநிலமும் உணவுத் தட்டும்

திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி, பட்டுக்கும் அரிசிக்கும் பெயர்பெற்ற ஊர். அங்கிருந்து மேற்கே, ஜவ்வாது மலையை நோக்கிச் செல்லும் வழியில் அமைந்துள்ளது சந்தவாசல். இவ்வட்டாரத்தின் வயல்களில் நெல்லும், மானாவாரி நிலங்களில் மல்லாட்டை என வழங்கப்படும் நிலக்கடலையும் விளைகின்றன. மலைமேல் சாமை விளைகிறது. முருங்கை இல்லாத தெரு அரிது. தானியம், பருப்பு, எண்ணெய்வித்து, கீரை ஆகிய அனைத்தும் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன.

எனினும், அருகில் விளைவதெல்லாம் தட்டில் வந்து சேர்வதில்லை. காலையில் தேநீரும் இரண்டு ரொட்டியும், நண்பகலில் குவித்த சோறும் சிறிது குழம்பும், மாலையில் கடையில் வாங்கிய பொரித்த தின்பண்டம் என்று நாளைக் கழிப்போர் பலர். வயிறு நிறைகிறது, உடலுக்கு வேண்டிய சத்துகள் நிறைவதில்லை. இந்த இடைவெளியைப் புரிந்துகொள்வதே உணவறிவின் முதற்படி.

எடை என்னும் எண்

எடைக்கருவியின்மீது ஏறி நின்றால் அது ஓர் எண்ணைக் காட்டுகிறது. எலும்பு, தசை, கொழுப்பு, குருதி, நீர் ஆகிய யாவும் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கியுள்ளன. நம் எடையில் பாதிக்கு மேற்பட்டது நீரே. நாள்தோறும் கபடி ஆடித் தசை வலுப்பெற்ற மாணவியும், உடலுழைப்பின்றிக் கொழுப்புச் சேர்ந்த மாணவியும் ஒரே எடையுடன் இருக்கக்கூடும். இவ்விருவருள் நலமுடையவர் யார் என்பதை எடைக்கருவி கூறாது.

உயரத்தையும் கணக்கில் கொள்வதற்காக உடல் நிறைக் குறியீட்டெண் என்னும் அளவு பயன்படுத்தப்படுகிறது. கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இவ்வெண் கிடைக்கும். 1.5 மீட்டர் உயரமும் 45 கிலோகிராம் எடையும் உடையவரின் குறியீட்டெண் 20 ஆகும். இக்கணக்கிற்கு அடிகோலியவர் பெல்ஜியம் நாட்டுக் கணித அறிஞர் அடால்ஃப் கெட்லே. அவர் 1830களில் ஆராய்ந்தது பெருந்திரளான மக்களின் சராசரியை. தனியொருவரின் நோயையோ நலத்தையோ கணிப்பது அவருடைய நோக்கமன்று.

வயது வந்தோர்க்கு இவ்வெண் 18.5க்குக் கீழ் இருந்தால் எடைக்குறைவு என்றும், 25ஐ எட்டினால் மிகை எடை என்றும் உலக அளவில் கொள்ளப்படுகிறது. இந்தியர்க்கு நீரிழிவு போன்ற நோய்கள் குறைந்த எடையிலேயே தோன்றுவதால், 23லிருந்தே கவனம் வேண்டும் என்று நம் நாட்டு மருத்துவ வல்லுநர்கள் வரையறுத்துள்ளனர். ஆனால், இந்த எல்லைகளைப் பதினாறு, பதினேழு வயதினர்க்கு அப்படியே பொருத்துதல் கூடாது. வளரும் உடலுக்கு வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணிக்கும் வளர்ச்சி வரைபடம் தனியே உண்டு. ஆகவே, கைப்பேசியில் கணக்கிட்ட ஓர் எண்ணைக் கண்டு மாணவி ஒருவர் தம்மைப் பருமனானவர் என்றோ, மெலிந்தவர் என்றோ முடிவுசெய்வது பிழையாகும்.

ஒரே குறை, இரு தோற்றம்

2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களின் நிலையைப் படம்பிடித்துக் காட்டுகிறது. அவர்களுள் 12.6 விழுக்காட்டினர் எடைக்குறைவு உடையவர்கள். 40.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். 2015–16ஆம் ஆண்டு ஆய்வில் இவ்விரண்டாம் பிரிவினர் 30.9 விழுக்காடாக இருந்தனர். இரத்தச்சோகை உடையவர்களோ 53.4 விழுக்காட்டினர்.

இம்மூன்று எண்களையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவோம். எடைக்குறைவு உடைய அனைவருக்கும் இரத்தச்சோகை இருப்பதாகவே கொண்டாலும், நூற்றுக்கு ஏறத்தாழப் பதின்மூவரே அதில் அடங்குவர். எஞ்சிய நாற்பதின்மர் இயல்பான எடையோ மிகை எடையோ கொண்டவர்கள். இரத்தச்சோகை மெலிந்தவர்க்கே உரியது என்னும் நம்பிக்கை இங்கே தகர்ந்துபோகிறது. சோற்றாலும் சர்க்கரையாலும் எண்ணெயாலும் எடை கூடியிருக்கலாம். அதே உடலில் இரும்புச்சத்து வற்றியிருக்கலாம். 'கொழுகொழுவென்று இருக்கிறாள், இவளுக்கென்ன குறை' என்று வீட்டார் மகிழ்ந்திருக்கையில், மாடிப்படி ஏறினாலே அப்பெண்ணுக்கு மூச்சு வாங்குவதன் காரணம் இதுவாக இருக்கக்கூடும்.

குன்னூரில் தொடங்கிய ஆராய்ச்சி

இந்திய உணவியல் ஆராய்ச்சியின் தொட்டில் தமிழ்நாட்டிலேயே அமைந்தது. 1918ஆம் ஆண்டு, நீலகிரியின் குன்னூரில் உள்ள பாஸ்டர் ஆய்வு நிறுவனத்தின் ஓர் அறையில், இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோய் குறித்த ஆய்வைத் தொடங்கினார். அவ்வாய்வகமே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாகத் திகழ்கிறது.

பெரிபெரி, தயமின் என்னும் வைட்டமின் பி1 குறைவால் நரம்பையும் இதயத்தையும் தாக்கும் நோய். ஆலையில் பளபளப்பாகத் தீட்டிய பச்சரிசியை முதன்மை உணவாகக் கொண்டோரிடம் அது மிகுதியாகக் காணப்பட்டது. தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் தீட்டும்போது நீங்கிவிடுவதே காரணம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்குள் ஊடுருவிச் சென்று தங்குகிறது. எனவே, புழுங்கலரிசி உண்டோர் அந்நோயிலிருந்து பெரிதும் காக்கப்பட்டனர். நெல்லை அவிக்கும் நம் மரபு, காரணம் அறியப்படுவதற்கு முன்பே ஒரு காப்பாக இருந்தது. வெண்மை மிக்க அரிசியே உயர்ந்தது என்று கருதுவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

குன்னூருடன் தொடர்புடைய மற்றோர் ஆய்வு, நூலும் துணியும் சார்ந்து உழைத்த பெண்களைப் பற்றியது. இலூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவ அறிஞர், 1928இல் அன்றைய பம்பாய்க்கு வந்தார். அங்கு நெசவாலைகளில் பணிபுரிந்த கருவுற்ற பெண்கள் கடுமையான இரத்தச்சோகையால் துன்புற்றனர். அவர்களுடைய எளிய உணவிலேயே நோயின் வேர் இருப்பதாக வில்ஸ் கருதினார். குன்னூரிலும் சென்னைக் கோஷா மருத்துவமனையிலும் அவர் தம் ஆய்வைத் தொடர்ந்தார். விலைமலிவான ஈஸ்ட் சாறு அச்சோகையைத் தீர்ப்பதை 1931இல் உலகுக்கு அறிவித்தார். அச்சாற்றில் இருந்த பொருள் எதுவென அப்போது தெரியவில்லை. 1941இல் அறிவியலார் அதே வகைப் பொருளைப் பசலை இனக் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். கீரைக்காரி கூடையில் சுமந்துவரும் இலைகளின் பெயரையே மருந்துக்கடை மாத்திரையும் தாங்கியிருக்கிறது.

குருதிக்கு வேண்டியவை

குருதியில் உள்ள ஹீமோகுளோபின், நுரையீரலிலிருந்து ஆக்சிஜனைப் பெற்று உடலெங்கும் கொண்டுசேர்க்கிறது. அதனை உருவாக்க இரும்புச்சத்து இன்றியமையாதது. பதினைந்து வயதைக் கடந்த, கருவுறாத பெண்ணுக்கு ஒரு டெசிலிட்டர் குருதியில் 12 கிராமுக்குக் குறைவாக ஹீமோகுளோபின் இருப்பின் அது இரத்தச்சோகை எனப்படும். சோர்வு, தலைச்சுற்றல், மூச்சிரைப்பு, கவனச்சிதறல் ஆகியன அதன் அறிகுறிகள். 'பாடத்தில் கவனமில்லை' என்று நாம் கடிந்துகொள்ளும் மாணவியின் குறை, மனத்தில் இன்றிக் குருதியில் இருக்கக்கூடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்தவாறு, 16 முதல் 18 வயதுள்ள பெண்ணுக்கு நாள்தோறும் 32 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். அவ்வயது ஆணுக்கு 26 மில்லிகிராம் போதும். மாதவிலக்கின்போது குருதியோடு இரும்புச்சத்தும் வெளியேறுவதே இவ்வேறுபாட்டின் முதன்மைக் காரணம். பசி குறைவாக இருக்கும் பெண்ணுக்குக்கூட இரும்புச்சத்தின் தேவை குறைவதில்லை என்பதை வீட்டிலுள்ள அனைவரும் அறிதல் வேண்டும்.

கீரை, பயறு, கம்பு, எள் போன்ற தாவர உணவுகளில் இரும்புச்சத்து உண்டு. ஆயினும் அதில் சிறு பகுதியையே குடல் உறிஞ்சும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றில் உள்ள வைட்டமின் சி அவ்வுறிஞ்சலைப் பெருக்குகிறது. மீன், இறைச்சி ஆகியவற்றின் இரும்புச்சத்து எளிதில் உடலில் சேரும். தேநீரும் காப்பியும் இரும்புச்சத்து சேர்வதைத் தடுக்கின்றன. எனவே, சுண்டலில் எலுமிச்சைச் சாறு பிழிவதும், உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணிநேரம் தேநீரைத் தவிர்ப்பதும் செலவில்லா மருத்துவம் ஆகும்.

தேநீரில் இன்னொரு கணக்கும் உண்டு. நெய்வோரும் தார் சுற்றுவோரும் இடையிடையே தேநீர் அருந்துவது வழக்கம். ஒரு குவளைக்கு இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 கிராம் சர்க்கரை என்று கொண்டால், நான்கு குவளைக்கு 40 கிராம் ஆகிறது. நாளொன்றுக்கு 2000 கிலோகலோரி உணவு கொள்பவர் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 50 கிராமுக்கு மிகாமலும், இயன்றால் 25 கிராமுக்குள்ளும் இருத்தல் நன்று என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. இனிப்பு எதையும் உண்ணாமலே, தேநீரால் மட்டும் ஒருவர் அந்த விரும்பத்தக்க எல்லையைக் கடந்துவிடுகிறார்.

பாவும் ஊடையும்

பாவு இழைகள் மட்டும் தறியில் நீண்டிருந்தால் சேலை உருவாகாது. குறுக்கே ஊடை ஓடினால்தான் இழைகள் துணியாகும். உணவிலும் சோறு பாவு என்றால், பருப்பும் காயும் கீரையும் ஊடையாகும். அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் உண்டு. அரிசியும் உளுந்தும் கலந்த இட்லி, அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்த பொங்கல் ஆகியவை ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும் உணவுகள்.

தட்டின் பாதியைக் காயும் கீரையும் பழமும் நிரப்ப வேண்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அறிவுறுத்துகிறது. மறுபாதியைத் தானியமும், பருப்பு, முட்டை, மீன், தயிர் போன்ற புரத உணவுகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும். எலும்பின் வலிமையில் பெரும்பகுதி இப்பருவத்திலேயே சேர்த்து வைக்கப்படுகிறது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. கேழ்வரகுக் கூழோ அடையோ வாரத்தில் சில நாள்கள் உண்பது விலைமிக்க சத்துமாவுக்கு ஈடான பயனைத் தரும். மாலையில் பொரித்த தின்பண்டத்தின் இடத்தை வேகவைத்த மல்லாட்டையோ பயறோ பெறலாம்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் ஒன்று உண்டு. அதில் எந்த மூலிகையின் பெயரும் இடம்பெறவில்லை. முன் உண்டது செரித்ததை அறிந்து, பசித்தபின், அளவோடு உண்பதையே வள்ளுவர் மருந்தாக முன்வைக்கிறார். பசியையும் நிறைவையும் உணர்ந்து உண்ணும் பழக்கம், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே உண்பவர்க்கு வாய்ப்பதில்லை.

பட்டினி எடையைக் குறைக்குமா?

விழாவிற்கோ புகைப்படத்திற்கோ விரைந்து மெலிய விரும்புவோர் முதலில் கைவிடுவது காலை உணவை. உணவு நின்றதும் உடல், கல்லீரலிலும் தசையிலும் சேமித்த கிளைக்கோஜனை எடுத்துச் செலவிடுகிறது. அதனோடு பிணைந்திருந்த நீரும் வெளியேறுகிறது. முதல் சில நாள்களில் எடைக்கருவி காட்டும் குறைவில் பெரும்பங்கு இந்நீரே. பட்டினி தொடர்ந்தால் தசையும் கரைகிறது. உடல் தன் ஆற்றல் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. பின்னர் வழக்கமான உணவுக்குத் திரும்பியதும் இழந்த எடை மீண்டும் ஏறுகிறது. இடைப்பட்ட காலத்தில் மாதவிலக்கு தவறுதல், முடி உதிர்தல், மயக்கம் ஆகியவை நேரலாம். ஊடகங்களில் விளம்பரப்படுத்தப்படும் மெலிவிக்கும் பொடிகளும் மாத்திரைகளும் வளரும் உடலுக்குத் தீங்கு செய்யக்கூடியவை.

மிகை எடை உண்மையிலேயே நலத்தைக் கெடுப்பதாக மருத்துவர் கூறினால், செய்ய வேண்டியது உணவைத் துறப்பது அன்று. உணவின் இயல்பை மாற்றுவது. சர்க்கரையும் பொரித்த பண்டமும் குறைய, காயும் பயறும் கூட வேண்டும். 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடல் இயக்கத்தில் ஈடுபடல் வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். பள்ளிக்கு மிதிவண்டியில் செல்வதும், கயிறு தாண்டுவதும், ஆடுகளத்தில் ஓடுவதும் அதில் அடங்கும். பூப்பெய்தியபின் பெண்பிள்ளைகளை ஆடுகளத்திலிருந்து விலக்கிவைக்கும் வழக்கம், அவர்களது தசையையும் எலும்பையும் வலுவிழக்கச் செய்கிறது. போதிய உறக்கமும் இன்றியமையாதது. உறக்கம் குறைந்தால் பசியுணர்வு மிகும்.

உணவைக் கண்டாலே அச்சம், உண்டபின் குற்றவுணர்வு, யாருமறியாமல் வாந்தியெடுத்தல் ஆகியவை தோன்றினால் அவை நோயின் அறிகுறிகள். அவற்றை மறைத்தல் கூடாது. நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ கூறினால் தீர்வு உண்டு. பிறருடைய உடலைக் குறித்துப் பட்டப்பெயர் சூட்டுவது வேடிக்கையன்று. அத்தகைய ஒரு சொல்லே இத்துன்பத்திற்குத் தொடக்கமாகக்கூடும்.

பந்தியின் கடைசி இடம்

உணவறிவு மட்டும் இருந்தால் போதுமா? பல இல்லங்களில் ஆண்கள் முதலில் உண்ண, பெண்கள் இறுதியில் உண்கின்றனர். குழம்பில் பருப்பும் கறியும் முன்னரே தீர்ந்துபோக, சோறும் சாறும் எஞ்சுகின்றன. முட்டை ஒன்றே இருப்பின் அது மகனுக்குச் செல்கிறது. இரும்புச்சத்து மிகுதியாக வேண்டியவருக்கே அது குறைவாகக் கிடைக்கும் முரண்பாடு இது. எவ்வளவு சமைத்தோம் என்பதோடு, யாருக்கு எப்போது பரிமாறினோம் என்பதும் நலத்தை முடிவுசெய்கிறது. அனைவரும் ஒருசேர அமர்ந்து உண்பதும், ஆண்பிள்ளைகள் சமைக்கவும் பரிமாறவும் கற்பதும் இம்முரண்பாட்டைக் களையும் வழிகள்.

தமிழ்நாட்டின் பள்ளிச் சத்துணவு பத்தாம் வகுப்பு வரையுள்ள மாணவர்க்கு உரியது. பதினோராம் வகுப்பில் காலடி வைக்கும் மாணவி, நண்பகல் உணவை வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும். தறிவேலையும் விடியற்காலைச் சமையலும் நெருக்கும் வீட்டில், அந்த உணவுப் பெட்டி வெறும் சோற்றோடு வருவதும் உண்டு. வராமலே போவதும் உண்டு. இரும்புச்சத்து பெரிதும் வேண்டிய வயதில் நேரும் இவ்விடைவெளியை வீடும் பள்ளியும் உணர்தல் வேண்டும். பள்ளிகளில் வாரம் ஒருமுறை வழங்கப்படும் நீலநிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. அதை வெறும் வயிற்றில் உண்டால் சிலருக்குக் குமட்டல் தோன்றும். உணவுக்குப்பின் உண்டால் அது தணியும். குமட்டலுக்கு அஞ்சி மாத்திரையை வீசியெறிவது, கைக்கு வந்த நலத்தை வீசியெறிவதாகும்.

பெண் நன்கு உண்ண வேண்டும் என்பதற்கு, நாளை அவள் தாயாவாள் என்பது மட்டுமே காரணமன்று. இன்று அவள் படிக்கவும், ஓடவும், உழைக்கவும், மகிழவும் வலிமை வேண்டும். எடைக்கருவியின் எண் அவளது மதிப்பைக் கூறாது. சோர்வின்றிப் படியேற முடிகிறதா, வகுப்பில் கவனம் நிலைக்கிறதா, மாதவிலக்கு ஒழுங்காக நிகழ்கிறதா, குருதியில் ஹீமோகுளோபின் போதிய அளவு உள்ளதா என்னும் வினாக்களே நலத்தை அளக்கும் கருவிகள். அவ்வினாக்களுக்கு 'ஆம்' என்று விடைகூறும் பெண்களாக நம் வகுப்பறைகளில் அனைவரும் அமரட்டும்.

தெரிந்து தெளிவோம்

பள்ளியில் உணவளிக்கும் முயற்சி, 1920இல் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியது. 1956இல் முதலமைச்சர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை மாநிலத்தில் தொடங்கினார். 1982 ஜூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார். 2022 செப்டம்பர் 15 அன்று தொடக்கப்பள்ளி மாணவர்க்கான காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கப்பெற்றது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் ஒரு வாரம் சமைக்கப்பட்ட உணவுகளைப் பட்டியலிட்டு, அவற்றில் பாவாக அமைந்தவை எவை, ஊடையாக அமைந்தவை எவை எனப் பகுத்து எழுதுக.

2. உங்கள் ஊரில் கிடைக்கும் கீரை வகைகளின் பெயர்களையும் சமைக்கும் முறைகளையும் முதியோரிடம் கேட்டுத் தொகுத்து வகுப்பறையில் வழங்குக.

3. 'வீட்டில் அனைவரும் ஒருசேர அமர்ந்து உண்ணுதல்' என்னும் தலைப்பில் மாணவரும் மாணவியரும் இணைந்து கலந்துரையாடல் நிகழ்த்துக.